சி.ஏ.வா, சி.எம்.ஏ.வா, ஏ.சி.சி.ஏ.வா? பிளஸ் டூ முடித்த சேலத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் ஆபிஸ் போன் ஓயாது. கிளையன்ட், கிளையன்ட்டின் மச்சான், பக்கத்துத் தெரு அக்கா என்று எல்லாருக்கும் கணக்குத் தொழில் படிப்புகளைப் பற்றி ஒரே கேள்வி. "பையன் காமர்ஸ்ல நல்ல மார்க்குங்க, சி.ஏ. சேக்கலாங்களா? ஏ.சி.சி.ஏ.ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இதவிடப் பெருசுங்களா? சி.எம்.ஏ. சுலபமாமுங்களே?" நான் சேலத்தில் பள்ளிக்கூடம் படித்து, சேலத்திலேயே ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஒருவரிடம் இருந்து செய்கிற பயிற்சி) செய்து, இன்றைக்கும் இங்கேயே ஆடிட் பார்க்கிற சி.ஏ. என் அண்ணன் சி.எம்.ஏ. முடித்து ஒரு நூற்பாலையில் காஸ்டிங், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கு, பார்க்கிறார். அதனால் இரண்டு வழியும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் பேசப்படுகிற விஷயம்தான். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எது பெரிய படிப்பு, எது சுலபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாரும் இந்தப் படிப்புகளைப் பரீட்சையாக மட்டும்தான் பார்க்கிறார்கள். எத்தனை பேப்பர், எத்தனை அட்டெம்ப்ட், முடித்தால் எவ்வளவு சம்பளம், அவ்வளவுதான் பேச்சு. ஆனால் காலேஜ் மாதிரி வகுப்பில் உட்கார்ந்தே முடித்துவிடுகிற படிப்பு இல்லை இது. நடுவில் சில வருடம் யாரோ ஒருவருடைய ஆபிஸில் உட்கார்ந்து, அடுத்தவர் கணக்கைக் கிளறி, தப்பு செய்து, திருத்தப்பட்டு, அப்படித்தான் பாதிப் படிப்பு உள்ளே இறங்குகிறது. அந்த வருடங்களை எந்த ஊரில், எந்த மாதிரி வேலை செய்து கழிக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை யோசித்துவிட்டால் எந்தப் படிப்பு என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

எந்தப் படிப்பு எந்தக் கையெழுத்தைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்வது அடுத்தது. ஒரு கம்பெனியின் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்றால் நம் நாட்டில் அது பிராக்டிஸில் இருக்கும் சி.ஏ. மட்டும்தான். 1949-ம் வருடச் சட்டத்தில் உருவான ஐ.சி.ஏ.ஐ. என்ற சி.ஏ.க்களின் அமைப்பு அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. நம் ஊரில் 'ஆடிட்டர்' என்றால் அவர்தான். உற்பத்திச் செலவுக் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போடுவது சி.எம்.ஏ.; முன்பு ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும், 1959 சட்டத்தில் வந்த அமைப்பு அது. கம்பெனிச் சட்ட நடைமுறைகளைக் கவனிப்பது சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி); பெயிட்-அப் கேப்பிட்டல், அதாவது பங்குதாரர்கள் போட்ட மூலதனம், 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனிகள் முழுநேர செக்ரட்டரி வைத்தே ஆக வேண்டும். சட்டம் வாசிக்கப் பிடித்த பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. எனக்கு அதில் நேரடி அனுபவம் குறைவு, அதனால் அதிகம் பேசவில்லை. ஏ.சி.சி.ஏ. இங்கிலாந்து அமைப்பு, 1904-லிருந்து இருக்கிறது, பல நாடுகளில் மதிப்பு உண்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒரு கம்பெனியின் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. "சி.ஏ.வுக்குச் சமம்" என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்குச் சமம் என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, சி.ஏ.வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் கேட்கிறார்கள்.

2023 ஜூலையிலிருந்து புதிய திட்டம். மூன்று நிலை: ஃபவுண்டேஷன் நான்கு பேப்பர், இன்டர் ஆறு, ஃபைனல் ஆறு. இன்டரில் மூன்று மூன்று பேப்பராகப் பிரித்த இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப், அது முன்பு மூன்று வருடமாக இருந்தது, இப்போது இரண்டு வருடம். காகிதத்தில் கூட்டினால் பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்றரை வருடத்தில் முடிந்துவிடும். பரீட்சையும் இப்போது வருடத்துக்கு மூன்று முறை வருகிறது, ஒரு தடவை போனால் ஆறு மாதம் காத்திருக்கிற கஷ்டம் இல்லை. ஆனால் அந்த மூன்றரை வருடக் கணக்கை நம்பி வீட்டில் யாரும் திட்டம் போடாதீர்கள். 2024 ஜூன் ஃபவுண்டேஷனில் எழுதியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் தேறினார்கள். 2025 மே மாதமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். முதல் முறை போய்விட்டால் பிள்ளைக்குப் புத்தி இல்லை என்று அர்த்தமே கிடையாது, அந்தப் பரீட்சை அப்படி. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 400-க்கு 200 வேண்டும். எல்லாப் பேப்பரிலும் 45, 45 என்று வாங்கிவிட்டு மொத்தத்தில் நின்றுபோன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பேப்பரையாவது அறுபது எழுபதுக்குத் தயார் செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் அக்கவுண்டிங்தான்.

நான்கில் கணிதமும் பொருளாதாரமும் அப்ஜெக்டிவ், தப்பான விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள். ஸ்கூலில் 'தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா' என்று பழக்கிவிட்டோம், அந்தப் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்க்கும். அக்கவுண்டிங்கும் சட்டமும் விரிவாக எழுத வேண்டிய பேப்பர். சட்டம் என்றால் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் தொடங்கி சரக்கு விற்பனை, கூட்டாண்மை, கம்பெனிச் சட்டம் வரை.

இங்கேதான் தமிழ் மீடியம் பிள்ளைகள் விஷயத்தைப் பேச வேண்டும். சி.ஏ. பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. சி.எம்.ஏ.வும் அப்படித்தான். இந்தியில் படித்த பிள்ளைக்குக் கிடைக்கிற வசதி நம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம். பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று அரசுப் பள்ளிப் புத்தகத்தில் அருமையாகப் படித்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்குகிற பிள்ளை, அதே கணக்கை ஆங்கிலத்தில் பார்த்ததும் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறது. கணக்கு அதேதான், பற்று வரவு மாறவில்லை. அக்கவுண்டிங்கில் அந்தத் தடை சில மாதத்தில் உடைந்துவிடும். சட்டத்தில் உடையாது, உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ காமர்ஸ், அக்கவுண்டன்சி புத்தகங்கள் ஆங்கிலத்திலும் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துப் படிக்கச் சொல்வேன். ஒரு கோடை விடுமுறை போதும். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொரு தடை, அதிகம் பேசப்படாதது: கணிதம். காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் எடுக்காமல் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்த பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள். ஃபவுண்டேஷன் மூன்றாம் பேப்பரில் கணிதம், லாஜிக்கல் ரீசனிங், புள்ளியியல் மூன்றும் உண்டு, கால்குலஸ்கூட எட்டிப் பார்க்கும். அந்தப் பிள்ளைகள் நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கக் கூடாது. ஒரு அட்டெம்ப்ட் தள்ளி எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. சயின்ஸ் குரூப் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம், அவர்களுக்கு இந்தப் பேப்பர் சுலபம், அக்கவுண்டிங்தான் புதிது.

தேதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த அதே வருடம் செப்டம்பரில் ஃபவுண்டேஷன் எழுத வேண்டும் என்றால் மே 1-க்குள் பதிவு செய்திருக்க வேண்டும். நம் ரிசல்ட் மே மாதம்தான் வரும். அதனால் ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் அந்தப் பரீட்சை போய்விடும், அடுத்து ஜனவரிதான். பத்தாவது முடித்தவர்களே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விதி இருக்கிறது, பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பதிவை முடித்துவிடுவது நல்லது.

இனி ஆர்ட்டிகிள்ஷிப். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, இதற்காகவேகூட இந்தப் படிப்பைப் படிக்கலாம் என்பேன்.

சேலத்துப் பெற்றோர்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது: சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய ஃபர்மில் ஆர்ட்டிகிள் செய்தால்தான் மதிப்பு, இங்கே சின்ன ஆபிஸில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டே காலம் போய்விடும் என்று. பெரிய ஃபர்மில் பெரிய கம்பெனியின் ஒரு மூலையைத்தான் கொடுப்பார்கள். அதை ஆழமாகக் கற்கலாம், அந்தப் பெயரும் பிற்பாடு வேலை தேடும்போது உதவும், மறுக்கவில்லை. ஆனால் சேலத்தில் ஒரு நல்ல ஆடிட்டரிடம் இரண்டு வருடம் இருந்த பிள்ளை ஒரு தொழிலை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது, பட்டறைக்காரர் கூலிக்குத்தான் செய்கிறார், கொடுத்த எடை ஒன்று, திரும்பி வந்த எடை ஒன்று, நடுவில் சேதாரம். ரூபாய்க் கணக்கு சரியாக இருந்தும் கிராம் கணக்கு இடித்தால் ஆடிட் நிற்கும். ஸ்டாக் என்றால் என்ன, அது யாருடைய ஸ்டாக், ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று புத்தகத்தில் படிப்பது வேறு, தராசுக்கு முன்னால் நின்று படிப்பது வேறு.

அப்புறம் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக்கிழங்கு சீசனில் மட்டும் வந்து குவியும், மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை, அதிலிருந்து ஸ்டார்ச், ஜவ்வரிசி, திப்பி (சக்கை) என்று பிரியும், சரக்கு 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சொசைட்டி வழியாக ஏலத்துக்குப் போகும். வருட முடிவில் குடோனில் இருக்கிற மூட்டைக்கு என்ன மதிப்புப் போடுவது? இன்வென்டரி வேல்யுவேஷன் என்ற பாடத்தை அந்தக் குடோனில் நின்று கற்றவர்களுக்குப் பரீட்சையில் அந்தக் கேள்வி பயம் தராது. சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. பத்து வண்டி வரைக்கும் புத்தகமே எழுதாமல், பெரிய வண்டிக்கு ஒரு டன்னுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்ள 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு வழி விட்டது. இளம்பிள்ளை சேலை வியாபாரம், லீ பஜார் மண்டி, ஏப்ரல் வந்தால் பேங்க் பிராஞ்ச் ஆடிட். இத்தனையும் ஒரே ஆபிஸில் கிடைக்கிற ஊர் நம்முடையது.

மலைக்கு மேலே போனால் இன்னும் சுவாரசியம். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் விவசாயம் என்பதால் வரியே இல்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பழமாகவே விற்றால் அப்படித்தான். ஆனால் விளைத்தவரே பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானமாகிவிடும், வறுத்து அரைத்துப் பொடியாக விற்றால் 40 சதவீதம். 1962 வருமான வரி விதிகளில் 7பி என்று இருந்தது இது. அதே மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது விவசாய வருமானம். ஒரே தோட்டம், ஒரே நிழல், இரண்டு பயிருக்கு இரண்டு கணக்கு. முதன்முதலாக அந்தத் தோட்டக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு வரிச் சட்டம் என்பதே பிடித்துப்போனது.

(ஒரு எச்சரிக்கை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டம் போய் 2025-ம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. இன்டர் படிப்பவர்கள் தங்கள் அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம் என்று ஐ.சி.ஏ.ஐ. அறிவிப்பைப் பார்க்காமல் அண்ணன் அக்காமார்களின் பழைய புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள்.)

ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். அப்பா எஸ்டேட்டில் ரைட்டர் (கணக்குப்பிள்ளை), அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அக்கவுண்டன்சியில் அருமையான மார்க். கோச்சிங் சென்டர் ஒன்றில் ஏ.சி.சி.ஏ. சேரச் சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார்கள். "ஏங்கக்கா, அதுல எல்லாமே கம்ப்யூட்டர் பரீட்சை, சீக்கிரம் முடிஞ்சிருமாம், வெளிநாட்டு வேலையாம். சி.ஏ.ன்னா பத்து வருசம் ஆகும்னு சொல்றாங்க." நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். "முடிச்சதுக்கப்புறம் எங்க இருக்கணும்னு நெனைக்கிற?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்கக்கா, சேலத்துலயே இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அப்படியென்றால் ஏ.சி.சி.ஏ. அவளுக்கான வழி இல்லை.

ஏ.சி.சி.ஏ.வைக் குறைத்துச் சொல்லவில்லை. மொத்தம் 13 பேப்பர், 50 மார்க் வாங்கினால் பாஸ், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை, ஒவ்வொரு பேப்பராகக்கூட எழுதிக்கொண்டு போகலாம், மூன்று வருட வேலை அனுபவம் சேர்ந்தால்தான் மெம்பர். பிளஸ் டூவில் ஆங்கிலத்திலும் கணிதம் அல்லது அக்கவுண்டன்சியிலும் 65 சதவீதம், மற்றதில் 50 இருந்தால் நேரடியாகச் சேரலாம். பி.காம். முடித்துவிட்டுப் போனால் சில பேப்பர்கள் எழுத வேண்டியதில்லை. பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கிற பெரிய ஆபிஸ்கள் வரிசையாக இருக்கின்றன, அங்கே போகத் தயாராக இருக்கிற, வீட்டில் பணம் புரட்டக்கூடிய பிள்ளைக்கு அது நல்ல வழிதான். ஆனால் பதிவுக் கட்டணம், வருடா வருடம் சந்தா, ஒவ்வொரு பேப்பருக்கும் ஃபீஸ், எல்லாம் பவுண்டில். பவுண்டு ஏறினால் நம் செலவும் ஏறும். கோச்சிங் தனி. விளம்பரத்தில் சொல்கிற மொத்தத் தொகையில் இவற்றில் எது எது அடங்குகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். 2027-ல் அவர்களும் பாடத்திட்டத்தை மாற்றுகிறார்கள், இப்போது சேருகிறவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்க சி.எம்.ஏ. என்று ஒன்றையும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் விற்கிறார்கள். அது இரண்டு பார்ட் பரீட்சைதான், ஆனால் சான்றிதழ் வாங்க டிகிரி வேண்டும், இரண்டு வருட அனுபவமும் வேண்டும். பதினேழு வயதில் அதற்கு அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம் நாட்டு சி.எம்.ஏ.வோடு அதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

நம் சி.எம்.ஏ.வைப் பற்றி அண்ணன் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்: சேலத்துக்காரர்கள் இதை இரண்டாம் இடத்தில் வைத்துப் பார்ப்பது சரியில்லை. சி.ஏ. கிடைக்காவிட்டால் சி.எம்.ஏ. என்ற பேச்சே தப்பு, இரண்டும் வேறு வேலை. ஆடிட்டர் முடிந்துபோன வருடத்தின் கணக்கைப் பார்க்கிறார். காஸ்டிங் பார்க்கிறவர் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைப் பார்க்கிறார். ஒரு கிலோ நூலில் பஞ்சு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, வேஸ்ட் எவ்வளவு, 40-ம் கவுண்ட் நூல் ஓட்டினால் லாபமா அதைவிட மெல்லிய 60 ஓட்டினால் லாபமா, இந்த விலைக்கு ஆர்டர் எடுக்கலாமா வேண்டாமா என்று முதலாளி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். அண்ணன் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மில்லுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் கணக்கில் உட்காருவார். நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கப் பிடிக்காத, மெஷின் பக்கம் போனால் கண் மலர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை இந்தப் பக்கம் அனுப்புங்கள்.

சேலத்தைச் சுற்றிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தயாரிக்கும் சேலம் உருக்காலை, பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ. உருக்காலை, மேட்டூரில் 1440 மெகாவாட் அனல் மின் நிலையமும் கெமிக்கல் ஆலைகளும், எங்கு திரும்பினாலும் நூற்பாலைகள். எல்லாமே செலவுக் கணக்கை நம்பி ஓடுகிற தொழில். 2014 விதிகளின்படி ஜவுளி, சிமென்ட் மாதிரித் துறைகளில் மொத்த விற்பனை 100 கோடி ரூபாயும் அந்தக் குறிப்பிட்ட பொருளின் விற்பனை 35 கோடியும் தாண்டினால் காஸ்ட் ஆடிட் கட்டாயம். மின்சாரம், சர்க்கரை, மருந்து மாதிரித் துறைகளில் 50 கோடி, 25 கோடியிலேயே வந்துவிடும்.

பேப்பர் எண்ணிக்கை சி.ஏ.வைவிட அதிகம், ஃபவுண்டேஷன் நான்கு, இன்டர் எட்டு, ஃபைனல் எட்டு. ஃபவுண்டேஷன் முழுக்க அப்ஜெக்டிவ், தப்புக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். அதனால் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வாசல் கொஞ்சம் அகலம். இன்டர் வந்ததும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றாலும், ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஜூன், டிசம்பர் என்று வருடம் இரண்டு பரீட்சை. பயிற்சி 15 மாதம். சி.எம்.ஏ. இன்டர் முடித்துவிட்டுப் பிறகு சி.ஏ. வேண்டும் என்று தோன்றினால் அதன் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக சி.ஏ. இன்டருக்குப் போகலாம், அந்தக் கதவும் மூடுவதில்லை.

இவற்றில் எதை எடுத்தாலும் சரி, ஒரு டிகிரியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு பி.காம். எதற்கு என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. இன்டரிலோ ஃபைனலிலோ இரண்டு வருடம் நின்றுபோனால் பேங்க் பரீட்சைக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கும் டிகிரி இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. கையில் டிகிரி இருக்கிற பிள்ளை நிதானமாக அடுத்த அட்டெம்ப்ட் எழுதும், இல்லாத பிள்ளை ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் நடுங்கும். ஃபவுண்டேஷன் போகவே மாட்டேன் என்றாலும் பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால் நேராக சி.ஏ. இன்டரில் சேரலாம், வேறு டிகிரி என்றால் 60 சதவீதம். சேலம் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவே பெரிதாக இல்லை. பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பும் இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் காலேஜும் போவதென்றால் ஐ.சி.ஏ.ஐ.யிடம் படிவம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், வகுப்பு நேரமும் ஆபிஸ் நேரமும் இடிக்கக் கூடாது. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஃபைனல் நேரத்தில் அலைகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சி.ஏ. மூன்று நிலைக்கும் பதிவுக் கட்டணம் கூட்டினால் ஐம்பதாயிரத்தைச் சுற்றி வரும், அதுவும் ஒரே நேரத்தில் கட்டுவது இல்லை, வருடங்களில் பிரிந்து போகிறது. பரீட்சை ஃபீஸும் இடையில் வரும் பயிற்சி வகுப்புகளும் தனி. ஒரு இன்ஜினியரிங் காலேஜின் ஒரு வருடச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய செலவு கோச்சிங்தான். ஐ.சி.ஏ.ஐ.யே மூன்று நிலைக்கும் ஆன்லைனில் நேரடி வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது, ஏற்காட்டுப் பெண்ணுக்கு நான் காட்டியது அதைத்தான். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து கோச்சிங் சென்டரில் உட்கார வேண்டிய அவசியம் ஃபவுண்டேஷனுக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கிற ஒழுங்கு இல்லாத பிள்ளைக்கு வேண்டுமானால் சென்டர் தேவைப்படும், அது அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சம்பளம் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) வைத்திருக்கிறார்கள், பஸ்ஸுக்கும் டிபனுக்கும் சரியாக இருக்கும். ஆனால் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹாஸ்டல் வேண்டாம், வெளியூர் வேண்டாம் என்ற காரணத்துக்காக மட்டும் பெண்ணின் சி.ஏ. ஆசையைத் தள்ளிப்போடுகிற வீடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வருடமும் சேலத்திலேயே, வீட்டிலிருந்து போய்வந்தே முடிக்கலாம். ஃபைனல் வரைக்கும் பரீட்சை சென்டரும் சேலத்திலேயே இருக்கிறது. இருபத்தொரு வயதில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பதை ஃபைனல் முடியும்வரை நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான் நீங்கள் செய்ய வேண்டிய உதவி. ஆபிஸில் என்னோடு ஆர்ட்டிகிள் செய்த பெண்களில் திறமை குறைந்தவர் யாரும் இல்லை. பாதியில் விட்டவர்கள் எல்லாரும் இந்த ஒரு காரணத்தால்தான் விட்டார்கள்.

கடைசியாக, இன்டர் முடித்துவிட்டு ஆபிஸ் தேடும்போது. ஆடிட்டரின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அங்கே இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஆர்ட்டிகிள் ஒருவரைப் பிடித்து டீக்கடையில் வைத்துக் கேளுங்கள்: வெளியே ஆடிட்டுக்கு அனுப்புகிறார்களா, இல்லை டாலி சாஃப்ட்வேரில் என்ட்ரி போட்டே நாள் போகிறதா? நாம் பார்த்த வேலையை பிரின்சிபல் (பயிற்சி கொடுக்கிற ஆடிட்டர்) உட்கார்ந்து திருத்திக் கொடுப்பாரா? என்னென்ன தொழில் கிளையன்ட்டாக இருக்கிறது? ஃபைனலுக்கு முன்னால் படிக்க லீவு எப்படி? இந்தக் கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால் அந்த ஆபிஸில் சேரலாம். யாரையும் தெரியாது என்றால் ஐ.சி.ஏ.ஐ.யின் சேலம் கிளைக்குப் போய்க் கேளுங்கள், ஆர்ட்டிகிள் எடுக்கிற ஆபிஸ்கள் எவை என்று அங்கே விசாரிக்கலாம். அந்தந்த ஆபிஸ் வாசலில் போய் நேரில் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம், எனக்கு ஆர்ட்டிகிள்ஷிப் அப்படித்தான் கிடைத்தது.